புறவாசலைத் திறந்து வையுங்கள்



பங்குனி வெயில் ஏறி, சித்திரை பிறக்கும் இந்த நாள்களில் உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இலையின்மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். பறவை எச்சம் என்று எண்ணி விலகிவிடுவோம். சற்றுப் பொறுத்து நின்றால், அந்த எச்சம் மெல்ல நகரும்.

அது வண்ணத்துப்பூச்சியின் புழு. குருவியின் கண்ணில் படாதிருக்க, எச்சத்தின் கோலத்தையே அதற்கு உடையாகக் கொடுத்திருக்கிறார் ஆண்டவர். தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்தபின் இலையின் பச்சையை உடுத்திக்கொள்ளும். பிறகு ஒரு காம்பில் இழை கட்டித் தொங்கி, கூட்டுப்புழுவாகும். முட்டை இட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், கறுத்த சிறகில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வெளியே வந்து, சிறகை உலர்த்திவிட்டுப் பறந்துபோகும்.

பல வீடுகளில் அது அதுவரை உயிரோடு இருப்பதில்லை. தாளிப்புக்கு இலை பறிக்கப் போகும்போது கண்ணில் படுகிறது. கிள்ளி எறிகிறோம், அல்லது பூச்சிமருந்தை எடுத்து அடிக்கிறோம். உங்களைக் குற்றப்படுத்துவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. வளர்த்த செடியைக் காப்பாற்ற நினைப்பது இயல்புதான். ஆனாலும் கேட்டுப் பார்ப்போமே: ஒரு செடியில் எத்தனை இலை நமக்கு வேண்டும்? மீதியைத் தின்ன யாருக்கு நாம் அனுமதி கொடுப்போம்?

இன்று இறை இரக்க ஞாயிறு. 2000-ஆம் ஆண்டில், அருள்சகோதரி ஃபவுஸ்தினாவைப் புனிதராக அறிவித்த நாளில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறை இந்தப் பெயரில் திருச்சபைக்குக் கொடுத்தார். இரக்கம் என்றதும் பெரிய காரியங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. பாவ மன்னிப்பு, பகைவரோடு ஒப்புரவு, சாகும் வேளையில் கிடைக்கும் அருள். எல்லாம் உண்மை. ஆனால் இரக்கத்துக்குச் சின்னஞ்சிறு வேலைகளும் உண்டு. மற்றொரு உயிருக்கு இடம் விட்டுக்கொடுப்பது அவற்றில் ஒன்று. அதற்கு நம் எல்லாருக்கும் வாய்த்த பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கொஞ்ச மண். இன்று நான் உங்களை அங்கே அழைத்துப்போக விரும்புகிறேன்.

நாற்பது நாள் தவக்காலத்தைக் கடந்து வந்திருக்கிறோம். நாம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட நாள்களில், கோயில் வளாகத்துப் புங்கமரம் இலையைப் பழுக்கவிட்டு உதிர்த்துக்கொண்டிருந்தது. திருப்பலி முடிந்து வெளியே போகும்போது அதை நிமிர்ந்து பாருங்கள். கிளை தெரியாமல் தளிர் மூடியிருக்கிறது. வெயில் பட்டால் பளபளக்கிறது. இன்னும் கோடை மழை ஒன்றுகூடப் பெய்யவில்லை. தரை வெடித்துக் கிடக்கிறது. கிணறு கீழே போய்விட்டது. வேரை ஆழமாக இறக்கிவைத்த மரத்துக்கு மட்டும், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து தண்ணீர் கிடைத்திருக்கிறது. வெயிலின் உச்சத்தில்தான் அது தளிர்விடுகிறது. இன்னும் சில நாளில் அதன் பூ உதிர்ந்து, நீங்கள் கோயிலுக்குள் நுழையும் வழியெல்லாம் வெளிர் ஊதாவும் வெள்ளையுமாகப் பரவும்.

வேம்பு பூத்துவிட்டது. இரவில் திண்ணையில் படுப்பவர்களுக்கு அந்த வாசம் தெரியும். மரத்தடியில் பழைய சேலையை விரித்துப் பூவைச் சேர்த்து, காயவைத்து, ரசத்துக்கு எடுத்துவைக்கிற கைகள் நம் பங்கில் எத்தனை! அதே பூவுக்குத் தேனீயும் வருகிறது. நாம் சேர்ப்பது உதிர்ந்த பூவை. தேனீக்கு வேண்டியது மரத்திலிருக்கும் பூவின் தேன். ஆடி வாக்கில் பழம் பழுக்கும்போது மைனாவும் குயிலும் கொண்டைக்குருவியும் வந்து தின்று, கொட்டையை எங்கெங்கோ போட்டுவிட்டுப் போகும். நம் தெருவில் யாரும் நடாமல் முளைத்த வேம்பெல்லாம் அப்படி வந்தவைதான்.

முருங்கைப் பூவில் தேன்சிட்டைப் பாருங்கள். ஆண் சிட்டின் உடம்பு கருநீலமாக மின்னுவது அது இணைசேரும் இந்தப் பருவத்தில்தான். அது முடிந்ததும் மங்கலான நிறத்துக்கு மாறிவிடும். கூடு கட்டும் வேலை பெண்ணுடையது. சிலந்தியின் நூலை இழுத்துவந்து, நாரையும் சருகையும் அதிலே ஒட்டி, ஏதாவது ஒரு கொடியின் நுனியில் கூட்டைத் தொங்கவிடுகிறது. வாசலுக்குமேல் வெயிலும் மழையும் படாதபடி சிறு தாழ்வாரம்கூட இறக்கியிருக்கும். பின்கட்டுச் சுவரில் ஒரு துளி அழுக்கும் இருக்கக் கூடாது என்று நாம் ஒட்டடைக் கம்போடு நிற்கும்போது, இந்தத் தாய் நூலுக்கு எங்கே போவாள்?

விடியற்காலையில் முதல் மணி அடிக்கும் முன்பே குயில் தொடங்கிவிடுகிறது. கூவுவது ஆண் குயில். பெண் குயில் தன் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டுப் போகிறது. காகம் அடைகாக்கிறது, பொரித்தபின் இரையும் ஊட்டுகிறது. நாம் விரட்டுகிற அந்தக் காகம் இல்லாவிட்டால் நாம் ரசிக்கிற குயில்பாட்டும் இல்லை. இதை நினைத்தபிறகு ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைப்பது நமக்கு இன்னும் இனிதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த மகிழ்ச்சிக்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். வானத்துப் பறவைகளைப் பாருங்கள், காட்டில் மலரும் பூக்களைக் கவனியுங்கள் என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னபோது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நாளைய சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்ட ஏழைகள். கவலையோடு இருந்தவர்களிடம்தான் பார்க்கச் சொன்னார். கவலை தீர்ந்தபிறகு பாருங்கள் என்று சொல்லவில்லை. நாம் எதற்காகக் காத்திருக்கிறோம், அன்பானவர்களே? மகளின் திருமணம் முடியட்டும், கடன் அடையட்டும், வீட்டு வேலை முடியட்டும், அதன்பிறகு ஆறுதலாக உட்கார்ந்து நாலு பூவைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறோம். முருங்கை பூத்திருப்பது இந்த வாரம். அதைப் பார்க்கச் சொல்லி ஆண்டவர் அழைப்பதும் இந்த வாரம்தான். பாரத்தோடு போங்கள். அவர் தடுக்கமாட்டார்.

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவரும்போது, உங்கள் வீடுகளின் முன்னறையைக் கடந்து பின்கட்டுவரை வரும் பேறு எனக்குக் கிடைக்கிறது. காற்று வரும் என்று முதியவர்களின் கட்டிலைப் பெரும்பாலும் அங்கேதான் போட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு வீட்டில், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்க, புறவாசலைப் பார்த்தே பொழுதைக் கழிக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். பேர் சொல்லமாட்டேன். அவருடைய கொல்லையில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். பெருக்கிச் சுத்தமாக வைக்கச் சொல்லவா என்று ஒரு நாள் கேட்டேன். பாட்டி பதறிவிட்டார். “சருகப் பெருக்கிறாதீங்க சாமி. அதுலதான் அதுகளுக்குப் பூச்சி கெடைக்கு. இதுகளும் வரலைன்னா எனக்கு யாரு சாமி வாரா?”

அந்தத் தவிட்டுக்குருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை தனியாக வாழ்வதே இல்லை. ஒன்றாக மேயும், இரவில் ஒரே கிளையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உறங்கும். ஒரு கூட்டில் குஞ்சு பொரித்தால், பெற்றவை மட்டுமின்றிக் கூட்டத்தில் உள்ள மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். அந்தப் பாட்டி அதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கட்டிலில் இருந்தபடியே பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார். நற்கருணை வாங்கியபின் அவர் சொல்லும் நன்றிச் செபத்தில் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பிறகு குருவிகளும் வருகின்றன. ஆனால் அவருக்குக் குருவிகள் மட்டும் போதாது, சகோதரர்களே. அன்பியக் கூட்டத்தை அடுத்த முறை அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பின்கட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைய நற்செய்திக்கு வருவோம். யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் ஒரே நாளின் காலையும் மாலையும் இருக்கின்றன. காலை தோட்டத்தில் நடக்கிறது. இயேசுவை அடக்கம் செய்த கல்லறை ஒரு தோட்டத்தில் இருந்தது என்று யோவான் முந்தின அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார். மகதலா மரியா அங்கே நின்று அழுகிறார். உயிர்த்த ஆண்டவரைப் பார்த்தும் அவர் தோட்டக்காரர் என்றே எண்ணுகிறார். அதே நாளின் மாலை பூட்டிய வீட்டுக்குள் நடக்கிறது. சீடர்கள் அச்சத்தால் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். ஆண்டவர் அங்கேயும் வருகிறார். ஏன் பூட்டினீர்கள் என்று அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அமைதியை வாழ்த்தாகக் கொடுக்கிறார். பிறகு அவர்கள்மேல் ஊதுகிறார். மண்ணால் செய்த மனிதனின் மூக்கில் கடவுள் ஊதினார், பிறகு அவனை ஒரு தோட்டத்தில் வைத்து அதைப் பண்படுத்தவும் காக்கவும் சொன்னார் என்று தொடக்க நூலில் படிக்கிறோமே, அந்த மூச்சை யோவான் நமக்கு நினைவூட்டுகிறார். படைப்பின் வேலை மறுபடி தொடங்குகிறது.

நம் ஊரிலும் பூட்டிய கொல்லைகள் பெருகிவருகின்றன. மண் தெரியாமல் சிமெண்டு பூசிவிடுகிறோம், அல்லது பேவர் பிளாக் கல் பதித்துவிடுகிறோம். மழைத்தண்ணீர் இறங்க இடமில்லாமல் தெருவுக்கு ஓடுகிறது. இரவிலும் தளத்தின் சூடு தணிவதில்லை. ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்டால் நியாயமான பதில்கள் வருகின்றன. இடுப்பு வலிக்கிறது, பெருக்க முடியவில்லை. பேரப்பிள்ளை சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாம்பு பயம். இவை பொய்யில்லை. அஞ்சுகிற மனிதர்களை ஆண்டவர் ஒருபோதும் வெறுத்ததில்லை. பூட்டிய அறையே அதற்குச் சாட்சி. ஆனால் அவர் அங்கே வந்தது கதவை இன்னும் இறுக்கமாக அடைப்பதற்கு இல்லையே. எந்த அச்சத்தால் நாம் எதை அடைத்து வைத்திருக்கிறோம்? மண்ணை மட்டும்தானா?

பாம்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். ஏனெனில் இதைச் சொல்லாமல் தோட்டம் வையுங்கள் என்று சொல்வது மேய்ப்பனுக்கு அழகில்லை. செடிகொடிகளை அடர்த்தியாக விடும் இடம் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, மதிலோரமாக இருக்கட்டும். விறகையும் உடைந்த ஓட்டையும் கதவுப் பக்கம் அடுக்காதீர்கள். இரவில் கைவிளக்கு இல்லாமல் இறங்காதீர்கள். தானியத்தையும் மீந்த சோற்றையும் இரவில் வெளியே விடாதீர்கள். அதற்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நாம் அடித்துக் கொல்லும் பாம்புகளில் பல சாரைகள். அவை நஞ்சில்லாதவை; எலியைத் தின்று நம் நெல்லைக் காப்பவை. ஒருவேளை யாரையாவது பாம்பு கடித்துவிட்டால் மந்திரம், வேர், பச்சிலை என்று ஒரு நிமிடமும் வீணாக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நஞ்சுமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. செபத்தைப் போகிற வழியில் சொல்லலாம்.

இனி ஒரு பழைய தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அசிசி நகர் புனித பிரான்சிஸ், தம் சகோதரர்களின் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைக்கச் சொன்னார். அங்கே காட்டுப் பூக்களும் புல்பூண்டுகளும் தாமாக வளரட்டும். அவற்றைப் பார்ப்பவர்களின் மனம் படைத்தவரிடம் எழும்பட்டும் என்பது அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற சுற்றுமடலின் தொடக்கப் பகுதியிலேயே இதை நினைவூட்டினார். இந்தச் செய்தியை நான் நினைக்கும்போதெல்லாம் மனம் கனிந்துபோகிறது. அந்தச் சகோதரர்கள் வேலை செய்தும் பிச்சை எடுத்தும் உண்டவர்கள். தோட்டம் முழுவதும் கீரை போட்டிருந்தால் அவர்களுக்கு இன்னொரு வேளைச் சாப்பாடு கிடைத்திருக்கும். பசியோடு இருந்தவர்கள் ஒரு மூலையை ஆண்டவருக்கென்று விட்டார்கள்.

இது புதுச் சட்டமும் இல்லை. அறுவடை செய்யும்போது வயலின் ஓரம்வரை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவை என்று லேவியர் நூல் கற்பிக்கிறது. ஏழாம் ஆண்டில் நிலத்தைச் சும்மா விடு, அதில் விளைவதை ஏழைகள் உண்ணட்டும், அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்று விடுதலைப் பயண நூலில் 23-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏழையும் விலங்கும் அங்கே ஒரே பந்தியில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள். ஆகவே, குருவிக்கு மூலை விட்டுவிட்டு, வேலியோரத்து முருங்கையில் ஒரு பிடி கீரை பறிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணை முகம் சுளித்து அனுப்புகிற பக்தி ஆண்டவருக்கு ஏற்றதில்லை. அந்தப் பெண்ணும் அந்த மூலைக்கு உரிமை உள்ளவர். அடுத்த முறை அவரைக் கண்டால், நீங்களே கொக்கியை எடுத்து ஒரு கொப்பை வளைத்துக் கொடுங்கள்.

விட்டுவைத்த மூலையில் என்ன வரும் என்று கேட்பீர்கள். நீங்கள் எதுவும் நட வேண்டியதில்லை. தும்பை வரும், துத்தி வரும், குப்பைமேனி வரும், கீழாநெல்லி வரும். துத்தியின் மஞ்சள் பூ பிற்பகலில்தான் விரியும். வேலை முடிந்து வருகிறவர்களுக்கென்றே பூப்பது. மதிலோரத்தில் எருக்கு முளைத்தால், சின்னப் பிள்ளைகள் அதன் பாலைத் தொடாதபடி பார்த்துக்கொண்டு விட்டுவிடுங்கள். அதன் இலையைத் தின்று வளரும் வரிப்புழு ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியாகும். எருக்கின் நஞ்சு அதன் உடம்பில் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. பட்டுப்போன முருங்கைக் கொப்பு ஒன்றை வெட்டாமல் விட்டால், பெரிய கருவண்டு அதைத் துளைத்து வீடு கட்டும். நாம் வண்டு என்று சொல்லும் அதுவும் ஒருவகைத் தேனீதான். பல பூக்கள் காயாவது அதன் உழைப்பால்.

ஆண்டவர் சொன்ன உவமை ஒன்றில், கோதுமை வயலில் களையும் சேர்ந்து முளைத்தபோது, பிடுங்கட்டுமா என்று கேட்ட வேலைக்காரர்களிடம் பொறுங்கள் என்றார் வீட்டுத் தலைவர். களையோடு கோதுமையும் வந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. நாமும் எது களை, எது மருந்து என்று அறியுமுன்பே கையை நீட்டிவிடுகிறோம். செடியிடம் மட்டுமா? மறைக்கல்விக்கு ஒழுங்காக வராத பையனை, கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பத்தை, குடியில் மீண்டும் மீண்டும் விழுகிறவரை எவ்வளவு சீக்கிரம் தீர்த்துக்கட்டிப் பேசிவிடுகிறோம்! அறுவடை வரைக்கும் பொறுக்கிறவர் ஆண்டவர். அவருடைய பொறுமையால்தான் நம்மில் பலர் இன்று இந்த இருக்கைகளில் இருக்கிறோம். இப்படிச் சொன்னதால் பார்த்தீனியத்தையும் வளர்க்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அது பிறர் மூச்சையும் தோலையும் கெடுக்கும். மற்றச் செடிகளுக்கு இடம் கொடுக்காது. பூக்கும் முன்பே கையுறை போட்டுப் பிடுங்குங்கள். இடம் கொடுக்கிற தோட்டத்தில் இடத்தைப் பறிக்கிறதைக் கட்டுப்படுத்த வேண்டியதும் இரக்கத்தின் வேலைதான்.

இப்போது, அந்த மாலையில் பூட்டிய வீட்டில் இல்லாதிருந்த சீடர் தோமாவிடம் வருகிறேன். அவர் கேட்டது ஆண்டவரின் முகத்தையல்ல, காயங்களை. ஆண்டவரும் எட்டு நாள் கழித்து வந்து காயங்களையே காட்டினார். சாவை வென்றவர் அந்தத் தழும்புகளை அழித்துவிட்டு வந்திருக்கலாம். அவர் அவற்றை வைத்துக்கொண்டார். புழு தின்ற கறிவேப்பிலைச் செடியின் முன் நிற்கும்போது நான் அந்தக் காயங்களை நினைக்கிறேன். ஓட்டை விழுந்த ஒவ்வோர் இலையிலும் ஓர் உயிர் பசியாறிப் போயிருக்கிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் புழுவையும்தான் ஊட்டும். ஆகவே ஒரு புழுவும் இல்லாத, ஓர் இலையும் கிழியாத தோட்டத்தில் குஞ்சுகளுக்குப் பசி. தன்னைத் தின்னக் கொடுத்த இலை செடிக்கு அவமானம் இல்லை. தம் உடலையே உண்ணக் கொடுத்தவரின் பந்தியில்தானே நாம் இப்போது கூடியிருக்கிறோம்?

உங்களிலும் அப்படிக் கொடுத்துக் கொடுத்துக் கிழிந்துபோனவர்கள் இருக்கிறார்கள். பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருமணத்தைத் தள்ளிப்போட்டவர்கள். கணவரின் நோய்க்காக நகையெல்லாம் விற்றவர்கள். கண்ணாடி முன் நின்றால் வயதும் களைப்பும்தான் தெரிகிறது என்று என்னிடம் சொல்லி அழுதவர்கள். ஆண்டவர் உங்களில் பார்ப்பது அந்த இடங்களைத்தான், அன்பானவர்களே. அவர் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டியவர். உங்களுடையவற்றைக் கண்டு முகம் திருப்பமாட்டார்.

வசந்தம் வந்தும் மனம் துளிர்க்காமல் இருப்பவர்களையும் நான் அறிவேன். இந்த ஆண்டில் கல்லறைத் தோட்டத்தில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். குயில் கூவினால் எரிச்சலாக இருக்கிறது. பூவைப் பார்த்தால் போனவர் நினைவு வருகிறது. மகிழ்ச்சியாக இருங்கள் என்று உங்களை வற்புறுத்த எனக்கு மனமில்லை. மகதலா மரியாவும் ஒரு தோட்டத்தில்தான் நின்றார். அதுவும் பாஸ்கா காலத்தில், பாலஸ்தீனத்தின் மலைகளெல்லாம் பூத்திருக்கும் மாதத்தில். அவர் கண்ணுக்கு ஒரு பூவும் தெரியவில்லை. ஆண்டவர் எதிரே நின்றும் தெரியவில்லை. அழுகையை நிறுத்தியபிறகு வா என்று அவர் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தவரைப் பெயர் சொல்லி அழைத்தார். உங்கள் பெயரும் அவருக்குத் தெரியும். அவர் அழைக்கும்வரை தோட்டத்தில் நின்றுகொண்டிருங்கள், அழுதபடியே நில்லுங்கள். அது போதும்.

மூன்று ஆண்டுகள் காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்னபோது, இன்னும் ஓராண்டு விடுங்கள், சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன் என்று தோட்டத் தொழிலாளர் மன்றாடினாரே, லூக்கா நற்செய்தியில். அந்த மரம் அடுத்த ஆண்டு காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. கதையை அந்த மன்றாட்டோடு விட்டுவிட்டார். நமக்காக அப்படி மண்வெட்டியோடு நிற்பவர் யார் என்று நமக்குத் தெரியும். மரியா அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணியது அவ்வளவு பெரிய தவறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கொல்லையே இல்லாத வீடுகளில் குடியிருப்பவர்கள் இதையெல்லாம் கேட்டு வருந்த வேண்டாம். வாடகை வீட்டின் மாடியில் ஒரு மண்தொட்டியில் எலுமிச்சைக் கன்றோ கறிவேப்பிலையோ வைத்தால் போதும். வண்ணத்துப்பூச்சி மாடி ஏறி வரும். அதற்கும் வசதி இல்லாதவர்கள், வாய் அகன்ற, ஆழமில்லாத மண்சட்டி ஒன்றில் தண்ணீர் வையுங்கள். நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் சிட்டும் தேனீயும் முழுகாமல் குடிக்கும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத்தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். பிற்பகல் மூன்று மணிக்கு இறை இரக்கச் செபமாலை சொல்லும் வழக்கமுள்ளவர்கள், தொடங்கும் முன் எழுந்துபோய்ச் சட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். நாளில் வெயில் கொடுமையாக இருக்கும் நேரம் அது. சிலுவையில் ஆண்டவர் தாகமாயிருக்கிறது என்று சொன்னதும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான்.

நம் கெபிக்குப் பின்னால், மதிலை ஒட்டிக் கிடக்கும் மண்ணில் இந்த ஆண்டு சிமெண்டு போடுவதில்லை என்று பங்குப் பேரவை முடிவு செய்திருக்கிறது. அதற்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். மறைக்கல்விப் பிள்ளைகள் அங்கே என்ன வருகிறது என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். திருப்பலிக்குப் பின் வாசலில் கறிவேப்பிலை, செம்பருத்திக் கன்றுகள் கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நடந்துவர முடியாத முதியவர் உங்கள் தெருவில் இருந்தால் அவருக்காக இன்னொன்றை வாங்கிப்போய், நீங்களே குழி தோண்டி நட்டுக்கொடுத்துவிட்டு வாருங்கள். இப்போது எல்லாரும் எழுந்து நின்று, விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையில் நமக்குள்ள நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.